உன் இஞ்சினை யாரும் பிரிக்கவில்லை

இயேசு மரி சூசை துணை

மஞ்சக்குட்டை,
20.9.86

அன்பு மகன் ஜேசுதாஸுக்கு அம்மா ஜெயமேரி முத்தத்துடனும் ஆசீர்வாதத்துடனும் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே மனிதர், மாடு, கோழி, ஜீப் எல்லாம் சுகம். ஜீப்பையும் சேர்த்துச் சுகம் சொல்கிறாளே என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள் சாமி, காரணம் பின்னால் வருகிறது. அந்தப் பனிக்காட்டில் நீயும் சுகமாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு தொண்டையில் இறங்கும். போன கடிதத்தில் சளி என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு அப்புறம் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. சளி போனதா இல்லையா என்று முதலில் எழுது. நான் கொடுத்தனுப்பிய மிளகு எங்கள் எஸ்டேட் மிளகு, காரம் நிற்கும், பாலில் தட்டிப் போட்டுக் குடி. பக்கத்துக் கட்டில் பையன்களுக்கெல்லாம் தானம் பண்ணிவிட்டு நீ இருமிக்கொண்டு இருக்காதே.

அக்கா தெரசம்மாளை வாழவந்தியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், வயிறு நன்றாகத் தெரிகிறது, மாங்காய் கேட்கிறாள், இந்த மாசத்தில் மாங்காய்க்கு நான் எங்கே போவேன். மாப்பிள்ளை தங்கமான மனிதர், வாயைத் திறந்தால்தான் கொஞ்சம் தகரம். காப்பிப் பழம் அங்கங்கே நிறம் வைத்திருக்கிறது, இந்த வருஷம் மழை சரியான நேரத்துக்குப் பெய்ததால் கொத்துக் கொத்தாகப் பிடித்திருக்கிறது, கார்த்திகையில் பழம் தோலுரிக்கிற பல்பர் ஹவுஸில் எனக்கு வேலை நிறைய இருக்கும் என்று எஸ்டேட் ரைட்டர் இப்போதே சொல்லிவிட்டார்.

இனி ஜீப்புக்கு வருகிறேன். நீ ஒவ்வொரு கடிதத்திலும் இஞ்சின் எப்படி ஓடுகிறது என்று கேட்டாய், நானும் ஓடுகிறது என்றே எழுதி வந்தேன். அது பொய்யில்லை, ஓடத்தான் செய்தது, ஆனால் கொதித்துக்கொண்டு ஓடியது. உங்கப்பாதான் எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பையன் பார்டர்ல நிக்கறான், அவன் துப்பாக்கியப் பாப்பானா, இங்க ரேடியேட்டரப் பாப்பானா என்று கேட்டார். அது நியாயமாகப் பட்டதால் நானும் வாயை மூடிக்கொண்டேன். இப்போது எல்லாம் நேராகிவிட்டது, அதனால் ஒன்று விடாமல் எழுதுகிறேன், பதறாமல் படி.

நீ பிப்ரவரி லீவில் வந்து நம் வாசலில் தார்ப்பாய் விரித்து அப்பாவின் சவாரி ஜீப் இஞ்சினை இறக்கிப் பிரித்தபோது மஞ்சக்குட்டையே வந்து வேடிக்கை பார்த்தது உனக்கு ஞாபகம் இருக்கும். பட்டாளத்து மெக்கானிக் என்றால் லாரிக்குக் காத்து அடிப்பவன் என்று நினைத்திருந்தவர்களெல்லாம் நீ ஒவ்வொரு சாமானையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வரிசையாக வைத்ததைப் பார்த்து அசந்து போனார்கள். முடுக்கிய போல்ட்டையே மறுநாள் காலையில் எழுந்து மறுபடியும் முடுக்கிப் பார்த்தாயே, எனக்கு அது போதும், மகனைப் பெற்றதன் பலன் அன்றைக்கே கிடைத்தது. இஞ்சின் முதல் தடவை உயிர் வந்து உறுமியபோது கூட உங்கப்பா மட்டும் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டு நின்றார். ஜீப் ஸ்டாண்டு ஐயாக்கண்ணு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, பையன் பிரிச்சுக் கோத்திருக்கான், பாக்கலாம் என்றார். அந்தப் பாக்கலாம் உனக்கு வலித்தது எனக்குத் தெரியும், பஸ் ஏறும்போது உன் முகத்தில் இருந்தது.

நீ சொல்லிவிட்டுப் போனபடி முதல் சில மாசம் பாரம் ஏற்றாமல், விரட்டாமல், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் பார்ப்பது போல அப்பா அந்த இஞ்சினைப் பார்த்துக்கொண்டார். ஆள் குறைவாக ஏற்றுகிறார் என்று திட்டினவர்களைக் கூடப் பொறுத்துக்கொண்டார். பத்தியம் முடிந்து ஜூலையில் பலாப்பழ சீசனில் முழுப் பாரம் ஏற்ற ஆரம்பித்தார் பார், அப்போது பிடித்தது சனி. குப்பனூர் ரோட்டில் கீழே இறங்கும்போது ஒன்றுமில்லை, ஏறி வரும்போது பாதி மலை தாண்டுவதற்குள் சூட்டு முள் சிவப்புக்குப் போய்விடும், ரேடியேட்டர் மூடியோரம் புஸ்ஸென்று ஆவி கிளம்பும். நிறுத்தி, ஆற வைத்து, தண்ணீர் ஊற்றி, பிறகு ஏற வேண்டும். மேலே வந்து பானெட்டைத் திறந்து பார்த்தால் எல்லாம் சாதுவாக இருக்கும், எங்கேயும் ஒழுக்கு கிடையாது. ரேடியேட்டரைச் சேலத்தில் கழுவிக்கொண்டு வந்தார், ஃபேன் பெல்ட்டை மாற்றினார், ஒன்றும் கேட்கவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. பாரம் ஏத்துனாத்தான இஞ்சினோட யோக்கியத தெரியும், பையன் என்னமோ தப்பாக் கோத்துட்டான் என்று ஐயாக்கண்ணு ஜீப் ஸ்டாண்டில் உட்கார்ந்து சொல்ல, அதுவே ஊர்ப் பேச்சாகிவிட்டது. அவனும் ஜீப் ஓட்டுகிறவன், நம் சவாரி அவனுக்குப் போகிறது, சொல்லாமல் இருப்பானா. மனுவேல் ஜீப்புல ஏறோணும்னா கையில ஒரு கொடம் தண்ணியோட வரோணும் என்று உங்கப்பா பேரைச் சொல்லி ஒரு கேலி. பட்டாளத்து இஞ்சினு, அதான் மலையில ஏறிச் சுடுது என்று இன்னொரு கேலி. அப்பா கேட்டுக்கொண்டு சிரிப்பார், வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார்.

இதெல்லாம் கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். மாதா பிறந்தநாளுக்கு நம் கோவில் பாடகர் குழுப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்தபோது வளைவில் ஜீப் ஆவி கக்கி நின்றுவிட்டது. பட்டுச்சேலையோடு எல்லாரும் இறங்கி நடக்கிறார்கள், அந்த நேரம் பார்த்து ராஜேந்திரன் மோட்டார் சைக்கிளில் வருகிறார். அவர்தான், ஏற்காடு ஒண்டிக்கடையில் தன் ஷெட்டை, நீ அடுத்த வருஷம் பட்டாளத்திலிருந்து வந்ததும் ஒர்க் ஷாப் போட உனக்கு விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தவர். வண்டியை நிறுத்தினார், ஆவியைப் பார்த்தார், இது உங்க பையன் செஞ்ச இஞ்சினுதானுங்களே என்று மரியாதையாகத்தான் கேட்டார். இரண்டு நாள் கழித்து ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார், ஷெட்டுக்கு அவசரமில்லைங்க, தம்பி வரட்டும், அப்பறமா யோசிக்கலாம் என்று. எட்டு வயசிலிருந்து நீ கேட்டது அந்த ஒன்றைத்தான், சொந்தமாக ஒரு ஒர்க் ஷாப். அது நம் வாசலில் நின்ற வண்டியாலேயே போய்விடுமோ என்று பயந்தேன்.

அன்றைக்கே அப்பா முடிவு பண்ணிவிட்டார், திங்கட்கிழமை குப்பனூரில் காளியப்பன் ஷெட்டில் இஞ்சினை இறக்கிப் பிரித்துப் பார்ப்பது என்று. காளியப்பன் கெட்ட மெக்கானிக் இல்லை. பிஸ்டன் நொம்ப டைட்டா இருக்குமாட்ட இருக்குதுங்க, தொறந்து பாத்தாத்தான் தெரியும் என்று சந்தேகமாகத்தான் சொன்னாராம். ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இஞ்சினை இன்னொருத்தர் பிரித்தார் என்றால் உள்ளே தப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உன் பேர் போனது போனதுதான், பையன் செய்ததை மறுபடி ஆள் வைத்துச் செய்தார்கள் என்றுதான் ஊர் சொல்லும். ஏனுங்க, எம்பையன் முடுக்குன போல்ட்டுல இன்னொருத்தரு ஸ்பானர் படறதுக்கு முன்னால என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியோணும் என்றேன். உனக்கு இஞ்சினப் பத்தி என்ன புள்ள தெரியும் என்றார். இஞ்சினப் பத்தித் தெரியாதுங்க, எம்பையனப் பத்தித் தெரியும் என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். கோளாறு ஏறும்போது வருகிறது, பார்க்கிறவர்கள் எல்லாரும் நிறுத்தினபிறகு பார்க்கிறார்கள். நம் மலை டிரைவர்கள் பழக்கம் உனக்குத் தெரியுமே, ஆவி கிளம்பினால் முதலில் சாவியைத் திருகி நிறுத்துவது, பிறகுதான் பானெட். நல்ல பழக்கம்தான், கையைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்க. ஆனால் திருடன் ஓடிப்போனபிறகு வீட்டைத் துழாவி என்ன செய்ய. அதனால் சனிக்கிழமை காலை, சந்தைச் சாமானோடு ஜீப் மேலே வரும்போது நானும் வருகிறேன் என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அப்பாவுக்குக் கோபம், குப்பனூரிலிருந்தே கியரை அடித்து அடித்துப் போட்டார். பின்னால் மூட்டைதான், ஆள் யாரும் இல்லை, நல்லவேளை.

வழக்கமான இடத்தில் முள் ஏற ஆரம்பித்தது. நிறுத்துங்க, ஆனா இஞ்சின நிறுத்தாதீங்க என்றேன். கையைச் சுட்டுக்குவ என்றார். சுட்டால் என் கைதானே என்று இறங்கி, சேலைத் தலைப்பை இழுத்து இறுகச் செருகிக்கொண்டு, கொக்கியை விடுவித்துப் பானெட்டைத் தூக்கினேன். ஃபேன் சுற்றுகிறது, சூடு முகத்தில் அடிக்கிறது, மற்றபடி எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஏறும்போது மிதிப்பது போல ஆக்ஸிலேட்டரை மிதியுங்க என்றேன். மிதித்தார். அப்போது பார்த்தேன் கண்ணு, ரேடியேட்டருக்கு அடியிலிருந்து வாட்டர் பம்ப்புக்குப் போகிற ரப்பர் கீழ்க்குழாய், பல்லில்லாத கிழவி வெற்றிலைச் சாற்றை உறிஞ்சும்போது கன்னம் ஒட்டிப்போகுமே அப்படி, இரண்டு பக்கமும் ஒட்டிச் சப்பையாகிவிட்டது. தண்ணீர் எங்கே போகும், வழியே அடைந்துவிட்டதே. நான் கத்தினேன். அப்பா காலை எடுத்துவிட்டு இறங்கி ஓடி வந்தார். காலை எடுத்தவுடன் குழாய் புஸ்ஸென்று உருண்டுகொண்டது, பிறந்த குழந்தை மாதிரி குண்டாக இருக்கிறது. எங்க புள்ள என்கிறார். மறுபடி போய் மிதியுங்க என்றேன், மிதித்தார், சப்பையானது, இறங்கி வந்தார், உருண்டுவிட்டது. இப்படி அவர் ஏறுவதும் இறங்குவதும், நான் சத்தியம் செய்வதும், அந்த வழியாகப் போன பஸ்ஸில் இருந்தவர்கள் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று தலையை நீட்டிப் பார்த்தார்கள். கண் சரியில்லை உனக்கு, ஆவியில பாத்திருக்க என்றுகூடச் சொல்லிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வைத்திருக்கும் கல் இருக்கிறதே, ஒன்றைச் சக்கரத்தடியில் உதைத்துத் தள்ளிவிட்டு, இன்னொன்றை எடுத்து ஆக்ஸிலேட்டர் மேல் வைத்தேன். இஞ்சின் அலறியது. இப்ப வந்து பாருங்க சாமி என்றேன்.

வந்து பார்த்தார். குனிந்தபடியே நின்றார். கல்லை எடுத்து இஞ்சினை நிறுத்திவிட்டு, ரோட்டோரம் குந்திக்கொண்டு, அது நான் போட்ட ட்யூபு புள்ள என்றார்.

விஷயம் இதுதான். நீ போட்டுவிட்டுப் போன கம்பெனி ஹோஸை ஜூலையில் எலி கடித்துவிட்டது. பலாப்பழம் ஏற்றி ஏற்றி வண்டி முழுக்கப் பால் ஒட்டி அந்த வாசத்துக்கு எலி வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஆள் ஏற்றப் போக வேண்டிய அவசரம், பல்பர் ஹவுஸில் கழித்துப் போட்டிருந்த தண்ணீர் மோட்டார் ட்யூபில் ஒரு துண்டு வீட்டில் கிடந்தது, அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியிருக்கிறது, கிளிப்பைப் போட்டு முடுக்கிவிட்டு மறந்தே போனார். இந்த மலையில் அந்த ட்யூபை எதற்குத்தான் பயன்படுத்தவில்லை, கதவுக்குக் கீலே அதில்தான். அவருக்கு அது ஒரு வேலையாகவே தோன்றவில்லை, அதனால்தான் என்னென்ன மாற்றினீர்கள் என்று காளியப்பன் கேட்டபோதுகூட அது வாயில் வரவில்லை. ஆனால் பல்பர் ஹவுஸில் வேலை செய்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள், தண்ணீரை வெளியே தள்ளுகிற பக்கத்துக்கு வெறும் ட்யூப் போதும், தொட்டியிலிருந்து உறிஞ்சுகிற பக்கத்துக்கு உள்ளே கம்பி வைத்த ட்யூப்தான் வேண்டும், இல்லாவிட்டால் சப்பையாகிவிடும் என்று. பழைய ஹோஸுக்குள் சுருள் கம்பி இருந்திருக்குமே, அது எங்கே என்றேன். உனக்குத்தான கொடுத்தேன் என்றார். ஆமாம், கொடுத்தார். நான் அதில்தான் இரண்டு மாசமாக அடுப்படியில் கரண்டி சொருகி வைத்திருக்கிறேன்.

சேலத்திலிருந்து கம்பி வைத்த புது ஹோஸ் வாங்கிப் போட்டார். போட்ட அன்றே வேண்டுமென்றே அளவுக்கு மீறி மூட்டை ஏற்றிக்கொண்டு குப்பனூரிலிருந்து ஏறினார், நான் முள்ளையே பார்த்துக்கொண்டு ஜெபமாலை சொன்னேன், மணி மணியாக உருட்டி முடித்தும் அது சிவப்புப் பக்கம் அசையவில்லை. உன் இஞ்சின் மேலே வந்து நின்றபோது பூனை மாதிரி முனகிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த இஞ்சின் உள்ளே ஒரு குறையும் இல்லை சாமி, நீ முடுக்கியது முடுக்கியபடி இருக்கிறது, ஒரு ஸ்பானர் படவில்லை.

இனி நான் எழுதப் போவதுதான் இந்தக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்ததற்கே காரணம். அப்பா சும்மா இருந்திருக்கலாம். ஹோஸைப் போட்டாயிற்று, வண்டி சரியாகிவிட்டது, காளியப்பன் ஏதோ செய்தார் என்று ஊரே தன்னால் சொல்லிக்கொள்ளும், யாருக்கும் தெரியப்போவதில்லை. உங்கப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும், சோற்றில் உப்பு அதிகம் போட்டது அவரேதான் என்றாலும் உப்பைத்தான் குறை சொல்வார். அப்படிப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் ஏற்காடு ஜீப் ஸ்டாண்டில் நிற்கிற நேரத்தில், அந்தச் சப்பை ட்யூபைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். ஐயாக்கண்ணு இருக்கிறான், ராஜேந்திரன் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். அப்பா அதைப் பிரித்துத் தூக்கிக் காட்டி, எல்லாரும் பாருங்க, இந்த ட்யூப நாந்தான் போட்டேன், ரெண்டு மாசமா வண்டி கொதிச்சது என் புத்தியால, எம்பையன் கட்டுன இஞ்சினுல ஒரு மயிரளவு தப்பு கெடையாது, அவம்பேர யாரும் எடுக்கப்படாது என்றார். இதை அங்கே நின்ற பொன்னாயி வந்து சொன்னாள். ஐயாக்கண்ணுகூடத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டானாம்.

அன்றிலிருந்து அப்பாவுக்கு ஊரில் பேர் ட்யூபு மனுவேல். சவாரி ஏறுகிற பிள்ளைகூட ட்யூபு மாமா என்கிறது. எனக்குக் கோபம் வருகிறது, அவருக்கு வரவில்லை. சொல்லட்டும் புள்ள, எனக்கென்ன இனிமேலா பொண்ணு பாக்கப் போறாங்க, பையன் பேரு சுத்தமா இருந்தாப் போதும் என்கிறார். ராஜேந்திரன் நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பாவோடு ஒரு நடை குப்பனூர் போய் ஏறி வந்தார், இறங்கி ஷெட் சாவியை என் கையில் கொடுத்து, தம்பி வர்ற வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டுங்க, வேற யாருக்கும் உடமாட்டன் என்றார். நான் அந்தச் சாவியை மாதா படத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

காலத்தோடு சாப்பிடு, சாக்ஸை ஈரத்தோடு போடாதே, பெரிய ஆபீசர் திட்டினால் பதில் பேசாதே, ஞாயிற்றுக்கிழமை பூசை இல்லாத ஊராக இருந்தாலும் முழங்கால் போட்டு ஒரு ஜெபமாவது சொல். பெண் பார்க்கிற பேச்சை இந்தக் கடிதத்தில் எடுக்கவில்லை, தப்பித்தாய் என்று நினைக்காதே. ஒன்று மட்டும் மறக்காதே. இந்தத் தடவை அப்பா பேருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. ட்யூபைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாதே. இஞ்சின் ஆயிலை எப்போது மாற்ற வேண்டும், எந்த ஆயில் ஊற்ற வேண்டும் என்று மட்டும் விவரமாக எழுது. காளியப்பன் இப்பவே மாற்றலாம் என்கிறார், இவர் கேட்கவில்லை. இஞ்சின் கட்டுனவன் சொல்லட்டும், அப்பறம் மாத்தறேன் என்று தினமும் தபால்காரர் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக.

உன்னைப் பெற்ற அம்மா,
ம. ஜெயமேரி